வாரின் மறுபக்கம்: தோலின் பிசிறைப் படிய வைக்கும் முறை

நான் முதன்முதலாக விற்ற தோல்பை வாரை வாங்கியவர் எங்கள் தெருவில் குடியிருந்த ஓர் ஆசிரியர். நாள் தவறாமல் வெள்ளைச் சட்டை போடுகிறவர். பத்து நாள் கழித்து வந்து தன் இடது தோளைக் காட்டினார். பழுப்பு நிறத்தில் ஒரு பட்டை, அதன்மேல் தோல்தூள் பஞ்சு பஞ்சாக ஒட்டிக்கொண்டிருந்தது. "வார் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. சட்டைதான் போய்விட்டது" என்றார்.

அன்று இரவு இன்னொரு வாரை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். மேல்பக்கத்துக்கு இரண்டு நாள் செலவழித்திருந்தேன். அடிப்பக்கம் கடையில் வாங்கிய கோலத்திலேயே கிடந்தது. தறிக்குழியிலிருந்து எழுந்து வந்த அப்பா வாரை வாங்கி, உள்ளங்கையால் ஒருமுறை நீவிவிட்டு, "கஞ்சி போடாத பாவு மாதிரி இருக்கிறதே" என்றார்.

எங்கள் வீடு சேலம் அம்மாபேட்டையில். தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு. அதற்குக் கஞ்சி போடுவதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். விடியற்காலையில் பாவைத் தெருவில் நீட்டி, கஞ்சி தடவி, தூரிகையால் நீளவாக்கில் இழுப்பார்கள். நூலுக்கு வலு சேர்ப்பது மட்டும் அதன் வேலை அன்று. நூலிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுகள் நூலோடு ஒட்டிப் படுக்க வேண்டும். படுக்காத பிசிறு, இழைகள் நுழைந்து வரும் தறி அச்சில் உரசி உரசி இழையையே அறுத்துவிடும். தோலின் அடிப்பக்கத்துக்கும் இதே வைத்தியம்தான் என்பது அப்பா சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. புதிதாகத் தோல்வார் செய்யத் தொடங்கியிருப்பவர்களுக்காக அந்த வைத்தியத்தை எழுதுகிறேன்.

தோலைத் தெரிந்துகொள்ளுங்கள்

மாட்டுத்தோலின் மயிர் இருந்த பக்கத்தில் இழைகள் மிக நெருக்கமாகப் பின்னியிருக்கும். உள்ளே போகப் போக இழைகள் தடிக்கும், நெருக்கம் குறையும். தொழிற்சாலையில் தோலை வேண்டிய கனத்துக்குச் சீவும்போது அந்த இழைகள் நடுவில் அறுபட்டு நுனிகள் வெளியே நிற்கின்றன. இதைத்தான் சதைப்பக்கம் என்கிறோம். கைபட்டால் சொரசொரப்பது அந்த அறுந்த நுனிகள்தான்.

எல்லாத் தோலிலும் இந்த நுனிகள் படிந்துவிடாது. ஆவாரம்பட்டை, கடுக்காய், வாட்டில் மரப்பட்டை போன்ற தாவரத் துவர்ப்பில் பதனிட்ட தோல் ஈரத்தில் இளகி, தேய்த்தால் படிந்து, காய்ந்ததும் அப்படியே நிற்கும். குரோம் உப்பில் பதனிட்ட தோல் எவ்வளவு தேய்த்தாலும் ஒரு மணி நேரத்தில் மறுபடி நிமிர்ந்துவிடும். இன்று சந்தைக்கு வரும் தோலில் பெரும்பகுதி குரோம் வகை என்பதால், ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து வந்த சரக்கு என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. நீங்களே பாருங்கள். வெட்டிய ஓரத்தில் நடுப்பகுதி நீலம் கலந்த சாம்பல் நிறமாக இருந்தால் பெரும்பாலும் குரோம். சாயம் ஏற்றாத தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், தாவரப் பதனிட்ட தோல் அதைக் குடித்து அந்த இடத்தில் சட்டென்று கறுக்கும். கையிலிருப்பது குரோம் தோல் என்றால் தேய்ப்பதை விட்டுவிட்டு, அடியில் மெல்லிய தோல் ஒன்றை ஒட்டித் தைத்துவிடுங்கள். மணிக்கணக்கில் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

தோலின் எந்த இடத்திலிருந்து வெட்டினீர்கள் என்பதும் முக்கியம். முதுகெலும்பை ஒட்டிய பகுதியில் இழை நெருக்கம் அதிகம், நீளவும் செய்யாது. வயிற்றுப் பகுதி தளர்ந்து, பஞ்சாக இருக்கும். வயிற்றுத் துண்டில் வார் வெட்டிவிட்டு அடிப்பக்கம் கண்ணாடி போல வரவில்லையே என்று வருந்திப் பயனில்லை. எருமைத்தோலின் இழை இன்னும் முரடு. அதற்கு ஒரு பூச்சு கூடுதலாக வேண்டும், பொறுமை இரண்டு மடங்கு வேண்டும்.

பழகுவதற்கு முழுத்தோல் வாங்காதீர்கள். இடுப்பு வார் செய்பவர்களிடம் ஓரத்துண்டுகள் கிடைக்கும். 3 முதல் 4 மில்லிமீட்டர் கனமுள்ள தாவரத் தோலில் ஒரு சாண் நீளத்துக்கு நாலைந்து துண்டுகள் இருந்தால் போதும்.

வேலையின் வரிசை

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். சாயம் முதலில், பிசிறைப் படிய வைக்கும் பிசின் அடுத்து, மெழுகு கடைசியில். பிசின் ஏறிய தோலில் சாயம் சீராக இறங்காது, திட்டுத்திட்டாக நிற்கும். எண்ணெயோ மெழுகோ முதலில் ஏறிவிட்டால் பிசின் பிடிக்காமல் முத்து முத்தாக உருளும்.

இன்னொன்று: பக்கிள் மாட்ட வாரை மடித்து ஒட்டும் இடம் இருக்கிறது அல்லவா, அந்த நான்கைந்து சென்டிமீட்டருக்குப் பிசின் போகவே கூடாது. வழவழப்பான தோலில் பசை பிடிக்காது. பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டு அதற்கு இப்பால் நின்றுவிடுங்கள். மறந்து தேய்த்துவிட்டால் அந்த இடத்தை மட்டும் முரட்டு உப்புத்தாளால் சுரண்டிக்கொள்ளலாம். ஆனால் சுரண்டியது சுரண்டியது போலத்தான் தெரியும்.

பிசிறைக் குறைப்பது

படிய வைப்பதற்கு முன் நீண்டு தொங்கும் பிசிறுகளை எடுத்துவிட வேண்டும். வாரைச் சமையல் மேடைக் கல்லில் மேல்முகம் கீழே இருக்கும்படி விரியுங்கள். அதற்கு முன் கல்லை ஈரத்துணியால் துடைத்து உலர விடுங்கள். ஒரே ஒரு மணல் பருக்கை இருந்தாலும் மேல்முகத்தில் குழி விழும், அது போகாது. அடியில் செய்தித்தாள் விரிப்பது இன்னும் மோசம். ஈரத் தோலில் அச்சு மை ஏறி, ஒரு வாரில் ரியல் எஸ்டேட் விளம்பரத்தைத் தலைகீழாகப் படித்திருக்கிறேன்.

தொங்கும் இழைகளைக் கூரான கத்தியைப் படுக்கவைத்துச் சீவுங்கள். பிறகு 220 எண் உப்புத்தாளை ஒரு தட்டையான மரத்துண்டில் சுற்றி, வாரின் நீளவாக்கில் ஒரே திசையில் தேயுங்கள். எந்தத் திசை என்பதை உள்ளங்கையால் நீவிப் பார்த்தால் தெரியும். ஒரு பக்கம் போனால் படியும், எதிர்ப்பக்கம் போனால் எழும், பூனை முதுகு போல. படியும் திசையில் தேயுங்கள். பிறகு 400 எண் தாளால் லேசாக ஏழெட்டு இழுப்பு. இதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். தேய்க்கத் தேய்க்கப் புதிய இழைகள் அறுபட்டுப் புதிய பிசிறு வருமே தவிரத் தோல் பட்டாகிவிடாது. மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு செய்யுங்கள், தோல்தூள் நுரையீரலுக்கு ஆகாது. முடிந்ததும் தூளை ஈரமில்லாத துணியால் தட்டித் துடைத்துவிடுங்கள். தூள் மிச்சமிருந்தால் பிசினோடு சேர்ந்து புட்டு மாவு போல உருளும்.

பிசின் தயாரிப்பது

வெளிநாட்டுக் கைவினைஞர்கள் டிரகாகாந்த் என்ற பிசினையோ, டோகோனோல் போன்ற ஆயத்தக் களிம்பையோ பயன்படுத்துகிறார்கள். இரண்டும் இணையத்தில் கிடைக்கும், நன்றாகவே வேலை செய்யும். சி.எம்.சி. (கார்பாக்சி மெத்தில் செல்லுலோஸ்) என்ற தூளும் கிடைக்கிறது. 100 மில்லி தண்ணீருக்குச் சுமார் 2 கிராம் தூவி, சில மணி நேரம் விட்டால் களியாகிவிடும்.

நான் பயன்படுத்துவது பாதாம் பிசின். கோடையில் ஊற வைத்துப் பாலில் போட்டுக் குடிக்கிறோமே, அதேதான். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் எந்த நாட்டு மருந்துக் கடையில் கேட்டாலும் கிடைக்கும். ஒரு தேக்கரண்டிப் பிசினைக் கழுவி, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரில், சுமார் 250 மில்லி, இரவு முழுவதும் ஊற விடுங்கள். காலையில் டம்ளருக்குள் ஜெல்லி மலை எழுந்து நிற்கும். அதைக் கையால் மசித்து, மெல்லிய துணியில் போட்டுப் பிழியுங்கள். வடிந்து வருவது நுங்கு நீருக்கும் வெண்டைக்காய் வழுவழுப்புக்கும் இடைப்பட்ட பதத்தில் இருந்தால் சரி. கெட்டியாக இருந்தால் தண்ணீர் சேருங்கள். குளிர்பதனப் பெட்டியில் மூன்று நாள் வைக்கலாம், அதற்கு மேல் நாறும். டம்ளரின் மேல் பெயர் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை அது ரோஸ்மில்க்கில் கலந்து பரிமாறப்பட்டது. நல்லவேளை, தோல் தொட்ட கை அந்த டம்ளரில் படவில்லை.

சேலத்துக்காரன் என்பதால் நான் முதலில் போனது ஜவ்வரிசியிடம்தான். மரவள்ளி மாவு ஆலைகள் சூழ்ந்த ஊர், ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் இருக்கும் ஊர், பாவுக்கே ஸ்டார்ச் கஞ்சி போடும்போது வாருக்கு ஏன் கூடாது என்று தோன்றியது. நீர்க்கக் காய்ச்சிப் பூசித் தேய்த்தேன். காய்ந்ததும் வந்த பளபளப்பைப் பார்த்து ஒரு மணி நேரம் பெருமையில் இருந்தேன். மறுநாள் வாரை வளைத்தபோது வெள்ளை வெள்ளையாகக் கீறல் விட்டுச் செதில் உதிர்ந்தது. மழைக்காலத்தில் மிச்சமிருந்த கஞ்சியில் பூஞ்சை பிடித்தது. தறியில் பாவு சில நாளில் துணியாகிவிடும், கஞ்சியும் துவைத்தால் போய்விடும். வார் வருஷக்கணக்கில் வியர்வையில் வளைந்து நிமிர வேண்டியது. வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து பூசச் சொல்பவர்களும் உண்டு. அது பிசிறின்மேல் பிளாஸ்டிக் தாள் ஒட்டுவது போல. மடிப்பில் வெடிக்கும், வெடித்த இடத்தைத் திருத்தவும் முடியாது.

தேய்ப்பது

வேலையின் உயிர் இங்கே இருக்கிறது. அவசரமில்லாத நாளில் செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். சேலத்து ஏப்ரல், மே மாதங்களில் இது கொடுமைதான். ஆனால் விசிறிக் காற்றில் ஒரு முனை காய்ந்து மறுமுனை ஈரமாக இருக்கும், எந்தப் பதத்தையும் பிடிக்க முடியாது.

சுத்தமான குடிதண்ணீரில் ஸ்பாஞ்சை நனைத்துப் பிழிந்து, சதைப்பக்கத்தை ஒரே ஒருமுறை ஒற்றுங்கள். தோல் லேசாக நிறம் மாறினால் போதும், ஊறக் கூடாது. இரும்புச் சுவையுள்ள ஆழ்துளைக் கிணற்று நீர் வேண்டாம். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும். துவர்ப்புள்ள கடுக்காயையும் இரும்பு உப்பான அன்னபேதியையும் சேர்த்துத்தானே அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்கள்? ஈரத் தோலின்மேல் சாதாரண இரும்புக் கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் போனால் கால் மணி நேரத்தில் அதன் உருவம் நீலக்கறுப்பாகப் பதிந்துவிடும். பதிந்துவிட்டால் எலுமிச்சைச் சாற்றைத் தொட்டுத் தடவி, உடனே தண்ணீரால் ஒற்றி எடுங்கள். பெரும்பாலும் மறையும்.

இப்போது விரல் நுனியில் பிசின் எடுத்து, ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் தடவுங்கள். வாரின் முழு நீளத்துக்கும் ஒரேயடியாகப் பூசினால், இந்த முனையைத் தேய்த்து முடிப்பதற்குள் அந்த முனை காய்ந்திருக்கும். தடவியது மெல்லியதாக இருக்கட்டும். ஓரத்தில் வழிந்து மேல்முகத்துக்குப் போனால் உடனே துடையுங்கள், அங்கே அது கறையாகக் காயும்.

பிறகு காத்திருங்கள். என்ன நடக்கிறது என்று கிட்டத்தில் குனிந்து, வெளிச்சம் சாய்வாகப் படும்படி பாருங்கள். பூசியவுடன் தண்ணீர் மினுக்கம் இருக்கும். அப்போது தேய்த்தால் இழைகள் களியில் நீந்தும், திரண்டு குட்டிக் குட்டி உருண்டையாகும். இரண்டு மூன்று நிமிடத்தில் மினுக்கம் ஓரங்களிலிருந்து நடுவுக்குச் சுருங்கும். கடைசி மினுக்கமும் அணைந்து பரப்பு மங்கலாகும்போது விரல் முதுகால் தொட்டுப் பாருங்கள். ஈரம் விரலில் வராது, ஆனால் விரலை எடுக்கும்போது தோல் லேசாகப் பிடித்து விடும். அந்தக் கணம்தான். அதற்குப் பிறகு ஓரிரு நிமிடமே கிடைக்கும். தவறவிட்டால் வெள்ளையாகப் பொருக்கு எழும். எழுந்தால் பயப்படாமல் மறுபடி லேசாக நனைத்துத் தொடக்கத்திலிருந்து வாருங்கள்.

தேய்ப்பதற்குத் தனிக் கருவி வாங்க வேண்டாம். தடித்த கண்ணாடிப் பாட்டிலின் பக்கவாட்டுப் போதும். எனக்குப் பிடித்தது எவர்சில்வர் டம்ளரின் வயிற்றுப் பகுதி. துருப்பிடிக்காத எஃகு என்பதால் கறை வராது. உருக்காலை இருக்கும் ஊரில் அந்தக் கருவிக்குப் பஞ்சமும் இல்லை. முதலில் வெறும் பாரத்தோடு, படியும் திசையில் நீளமாக இழுங்கள். நாலைந்து இழுப்பில் சத்தம் மாறும். முதலில் ஈரச் செருப்பு இழுபடுவது போன்ற சத்தம், பிறகு காகிதத்தை நீவுவது போல, கடைசியில் டம்ளர் சத்தமே இல்லாமல் வழுக்கும். சத்தம் மாறிய பிறகுதான் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். ஈரத்தில் தொடக்கத்திலேயே அழுத்தினால் வார் நீளும், ஜோடி வார்களில் ஒன்று நீண்டு ஒன்று குட்டையாகும். ஓரங்களில் அழுத்தம் அதிகமானால் வார் அலை அலையாக நெளியும்.

ஒரு சாண் முடிந்ததும் அடுத்த சாண், முந்தையதன்மேல் இரண்டு விரல் ஏறும்படி தொடங்குங்கள். இல்லையென்றால் சேரும் இடம் கோடாகத் தெரியும். முழு வாரும் முடிந்த பிறகு நிழலில், தட்டையாகக் கிடத்தி உலர விடுங்கள். வெயிலில் வைத்தால் அப்பளம் போலச் சுருளும். நன்றாக உலர்ந்த பின் கையால் நீவிப் பாருங்கள். இன்னும் சொரசொரத்தால் 400 எண் தாளால் ஒரு தடவல், பிறகு இரண்டாவது பூச்சு. பசுத்தோலுக்கு இரண்டே போதும்.

ஏற்காட்டில் வைத்துச் செய்வதாக இருந்தால் இந்த நிமிடக் கணக்குகளை மறந்துவிடுங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மழை மாதங்களில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். ஒரு விடுமுறைக்கு வார்களை எடுத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறிப் போய், இரண்டு நிமிடத்தில் அணைய வேண்டிய மினுக்கம் பதினைந்து நிமிடமாகியும் அணையாமல், சுடு காற்றுக் கருவியைக் காட்டி ஒரு வாரைக் கருக்கினேன். ஈரமான தாவரத் தோல் சூட்டைத் தாங்காது. சுமார் 75 டிகிரியைத் தாண்டினாலே சுருங்கி, விறைத்து, கொம்பு போல ஆகிவிடும். மலையில் செய்கிறவர்கள் பிசினைக் கெட்டியாகக் கரைத்து, தோலை நனைக்காமலேயே பூசுவது நல்லது.

மெழுகு

பாவுக் கஞ்சியில் கொஞ்சம் எண்ணெய் விடுவார்கள், இழை விறைக்காமல் இருக்க. இங்கேயும் அதே காரணம்தான். பிசின் மட்டும் போட்ட தோல் காய்ந்து விறைப்பாக இருக்கும், வியர்வை பட்டால் இளகவும் செய்யும். தேன்மெழுகு ஒரு பங்கு, விளக்கெண்ணெய் மூன்று பங்கு எடையில் எடுத்து, கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் வைத்து உருக்குங்கள். நேரடி அடுப்பில் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். தேன்மெழுகு 60 டிகிரியைச் சற்றுத் தாண்டியதும் உருகிவிடும். ஆறினால் களிம்பாகும். விளக்கெண்ணெய் எங்களுக்கு ஊர்ச் சரக்கு. ஆமணக்குக்கும் மரவள்ளிக்கும் சேர்த்தே ஏத்தாப்பூரில் ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஜவ்வரிசி கைவிட்ட இடத்தில் ஆமணக்கு கைகொடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டாணி அளவுக் களிம்பு ஒரு அடி வாருக்குத் தாராளம். துணியில் தொட்டுத் தேய்த்து, அரை மணி கழித்துப் பழைய வேட்டித் துணியால் மினுக்கம் வரும்வரை துடையுங்கள். கை பிசுபிசுத்தால் போட்டது அதிகம்.

எங்கே வழவழப்பு வேண்டாம்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆசிரியரின் சட்டைக்குப் பிறகு வெறி பிடித்தவன் போல எல்லா வாரையும் கண்ணாடியாக்கினேன். அடுத்த புகார் வந்தது: பை தோளில் நிற்கவில்லை, வழுக்கி வழுக்கி விழுகிறது. தோளில் தொங்கும் பைக்கும், கேமரா வாருக்கும், கிட்டார் வாருக்கும் கொஞ்சம் பிடிப்பு வேண்டும். இப்போது தோளில் உட்காரும் ஒரு முழ நீளத்துக்கு ஒரே பூச்சு, லேசான தேய்ப்பு, மெழுகு கிடையாது. மற்ற இடத்துக்கு முழு வேலை. இடுப்பு வாருக்கு நேர் எதிர். அது பேன்ட் பட்டைக்குள் புகுந்து வர வேண்டும், எவ்வளவு வழவழத்தாலும் நல்லது.

கைக்கடிகார வாருக்கு இந்த முறையே வேண்டாம். மணிக்கட்டு வியர்வை பிசினை ஒரு மாதத்தில் கரைத்துவிடும். ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த ஆட்டுத்தோலை அடியில் ஒட்டித் தையுங்கள்.

விற்பதற்கு முன்

வெள்ளைப் பருத்தித் துணியைச் சுட்டுவிரலில் சுற்றி, வாரின் அடிப்பக்கத்தில் இருபது முறை அழுத்தித் தேயுங்கள். பிறகு துணியின் இன்னொரு இடத்தை நனைத்து அதையே செய்யுங்கள். காய்ந்த துணியில் பஞ்சு வந்தால் தேய்ப்பு போதவில்லை. ஈரத்துணியில் நிறம் வந்தால் சாயம் மிஞ்சியிருக்கிறது. பிசினுக்கு முந்தைய கட்டத்தில் சாயத்தைத் துடைத்தெடுத்திருக்க வேண்டும். அடுத்த வாரில் கவனியுங்கள். கடைசியாக வாரைக் கட்டைவிரல் கனமுள்ள குழாயில் சுற்றி, வளைவின் உட்புறம் பாருங்கள். செதில் எழவில்லை என்றால் கொடுத்துவிடலாம்.

ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் உரசல் அதிகமுள்ள இடத்தில் பிசிறு மறுபடி தலைதூக்கும். அந்த இடத்தை மட்டும் ஈரத்துணியால் ஒற்றி, பிசின் தொட்டு, மங்கும்வரை காத்திருந்து டம்ளரால் இழுத்தால் போதும். மெழுகு ஏறிய தோல் என்பதால் பிசின் முதலில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், 400 எண் தாளால் ஒருமுறை தடவிவிட்டுப் போடுங்கள். ஆசிரியரின் வார் இரண்டு முறை இப்படித் திரும்பி வந்தது. இரண்டாவது முறை அவரே டம்ளரை வாங்கித் திண்ணையில் உட்கார்ந்து தேய்த்தார். சத்தம் மாறியதும் நிமிர்ந்து பார்த்து, "இப்போது அழுத்தலாமா?" என்றார்.